ஒற்றைக் கோடு, கையெழுத்து, தேதி

வேதியியலை நான் பாதிக்கு மேல் கம்பெனி பஸ்ஸில்தான் படித்தேன். பெங்களூரில் லிங்கராஜபுரத்தில் ஏறினால் பொம்மசந்திரா போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். சில்க் போர்டு சிக்னல் மனசு வைத்தால் கொஞ்சம் குறையும். அது என்றைக்கு மனசு வைத்திருக்கிறது? அந்த பஸ்ஸில் யாரும் போடாத ஒரு சட்டம் உண்டு. ஏறியதும் பெண்கள் எல்லோரும் துப்பட்டாவை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட வேண்டும். போனில் பேசக் கூடாது, பாட்டு வைக்கக் கூடாது. வீட்டில் கிடைக்காத தூக்கத்தை அங்கேதான் ஈடுகட்டுவோம். நானும் வருடக் கணக்கில் வாயைப் பிளந்து தூங்கியவள்தான்.

பரீட்சைக்குப் பணம் கட்டிய பிறகு அந்தத் தூக்கம் போயிற்று. காதில் இயர்போன், இயர்போனில் என் நாத்தனாரின் குரல். அவள் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள். எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஏதோ ஒரு பேங்குக்கு கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களோடு மெசேஜில் பேசும் வேலை பார்க்கிறாள். அந்த வேலைக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படித்த படிப்பு வீணாகிறதே என்கிற ஆத்திரத்தை எல்லாம் என் தலையில் இறக்கி வைத்தாள். தினமும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாள். ஒரு கேள்வி, பதில் சொல்வதற்குக் கொஞ்சம் இடைவெளி, அப்புறம் அவளே சொல்லும் பதில், அதற்கு மேல் ஒரு திட்டு.

"அலுமினியத்தோட வேலன்சி என்ன?" இடைவெளி. "மூணு. சொன்னீங்களா? பொய் சொல்லாதீங்க அண்ணி. ரெண்டுன்னுதான் சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியும்."

ரெண்டு என்றுதான் சொல்லியிருந்தேன். கழுதைக்கு எப்படித்தான் தெரியுமோ.

இயர்போன் போட்டிருக்கும்போது நம் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று நமக்குத் தெரியாது. ஒரு நாள் காலை எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும் சமயம், "ஆக்ஸிடேஷன்!" என்று கத்திவிட்டேன். பஸ் முழுக்கத் துப்பட்டாக்கள் எழுந்தன. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஏனாய்த்தக்கா?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறிப் போய்க் கேட்டார். "ஏனில்லா அண்ணா, எலக்ட்ரான் ஹோய்து" என்றேன். போனது என்ன சாமான் என்று அவருக்கு விளங்கவில்லை. சரி, போனது போகட்டும் என்று தலையை ஆட்டிவிட்டு ஓட்டினார். பின் சீட்டு அக்கா மட்டும், "உன் படிப்பு முடியறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்டி" என்று முனகிக்கொண்டே மறுபடி தூங்கினாள்.

அந்த அவமானத்தை எல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு ஸ்டூல்.

எங்கள் கம்பெனி மாத்திரை செய்யும் கம்பெனி. நான் பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். வருடா வருடம் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். எங்கள் லைனுக்கு எதிரே கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் லேப். அங்கே வெள்ளை கோட் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். எப்போதும் பகல் ஷிஃப்ட், அதுவும் பர்மனென்ட். லேபில் ஒரு அசிஸ்டென்ட் இடம் காலியானபோது, லேப் மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன் கை சுத்தம், எழுதறது சுத்தம். எனக்கு நீ வந்தா நல்லது. ஆனா ப்ளஸ் டூல கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணின சர்டிஃபிகேட் இல்லாம ஹெச்.ஆர். விடமாட்டாங்க. ஜூன் வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அந்த வேலை எனக்கு வேண்டும். அறிவு தாகம் அது இது என்று கதை விட மாட்டேன். குதிகால் வலிக்கிறது, இரவில் என் கட்டிலில் தூங்க வேண்டும், அடுத்த வருடமும் வேலை இருக்கும் என்று தெரிந்துகொண்டு தூங்க வேண்டும். மற்றப் பாடங்களை எல்லாம் ஓப்பன் ஸ்கூலில் ஒவ்வொன்றாக எழுதி முடித்துவிட்டேன். கெமிஸ்ட்ரிதான் பாக்கி. கல்யாணத்துக்கு முன்னால் பி.யு.சி.யில் ஒரு தடவை, ஓப்பன் ஸ்கூலில் ஒரு தடவை என்று இரண்டு தடவையும் அது என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தது.

பஸ்ஸில் பாதி என்றால் மீதி சமையலறையில். நான் சமைப்பேன், நாத்தனார் மேடை மேல் ஏறி உட்கார்ந்து கேள்வி கேட்பாள். முதல் சண்டை மோலில் வந்தது.

"மோல்னா ஒரு எண்ணிக்கை அண்ணி. டஜன் மாதிரி. அவ்ளோதான்."

"டஜன்னா பன்னெண்டு, எண்ணிடலாம். இது ஆறு போட்டு அதுக்குப் பின்னாடி இருபத்து மூணு சைபர்ங்கிற. இதை யாரு உக்காந்து எண்ணினது?"

"யாரும் எண்ணல."

"பின்ன எப்படித் தெரியும்?"

"ஐயோ ஆண்டவரே! எடை போட்டுதான் அண்ணி. பன்னெண்டு கிராம் கார்பன் எடுத்தா அதுல ஒரு மோல் இருக்கும். எண்ண வேணாம், எடை பாத்தா போதும்."

கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். பேக்கிங்கில் நாங்களும் அதைத்தானே செய்கிறோம்! உதிரி மாத்திரையை யார் எண்ணுகிறார்கள்? நூறு மாத்திரை என்ன எடை என்று பார்த்துக்கொண்டு, டப்பாவைத் தராசில் வைத்து எடையைக் கொண்டு எண்ணிக்கை போடுவோம். மாத்திரைக்கு மாத்திரை எடை வேறு. அதே மாதிரிதான் கார்பனுக்குப் பன்னிரண்டு, ஆக்ஸிஜனுக்குப் பதினாறு. இத்தனை வருடம் இதை யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் எப்போதோ பாஸ் செய்திருப்பேன் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாத்தனாரிடம் சொன்னதும், "அப்போ இத்தனை நாளா மோல்லதான் பொழப்பு நடத்தியிருக்கீங்க" என்று சிரித்தாள்.

சமன்பாட்டைச் சமப்படுத்துவதும் அப்படித்தான் பிடிபட்டது. மாத்திரை அட்டைக்காக லைனுக்கு எத்தனை கிலோ ஃபாயில் வந்ததோ, அது பயன்பட்டது, பாழானது, திரும்பிப் போனது என்று மூன்றாகப் பிரிந்து கடைசியில் கணக்கில் நின்றாக வேண்டும். இந்தப் பக்கம் நாலு ஹைட்ரஜன் போனால் அந்தப் பக்கம் நாலு வந்தாக வேண்டும். வராவிட்டால் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம். இதில் மட்டும் நான் அவளைவிட வேகம்.

ஆனால் ஆக்ஸிடேஷன், ரிடக்‌ஷன் என்று வந்தால் போச்சு. "ரிடக்‌ஷன்னா குறையணும்தானே? எலக்ட்ரானை வாங்கிக்கிட்டா எப்படிடி குறையும்?" என்று நான் கேட்க, "அதைப் பேர் வெச்சவன்கிட்ட போய்க் கேளுங்க. எனக்கு எட்டு மணிக்கு லாகின்" என்று அவள் இறங்கிப் போய்விடுவாள். பரீட்சைக்கு முந்தின வாரம்வரை ஆனோடையும் கேத்தோடையும் மாற்றி மாற்றித்தான் சொன்னேன். "சண்டே ஸ்கூல்ல வசனம் மனப்பாடம் பண்ணி ப்ரைஸ் வாங்கினேன்னு பீத்திக்குவீங்களே, இது ரெண்டு வார்த்தை உள்ள போகலையா?" என்பாள். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரையும் பார்ப்பார். வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று அவருக்குத் தெரியும்.

இதில் ஒரு விஷயம். எல்லாமே வாயால்தான் நடந்தது. உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்க்க எங்கே நேரம்? சமன்பாடு எழுத வேண்டும் என்றால் அடுப்பு மேடைக் கருங்கல்லில் தண்ணீரைத் தொட்டு விரலால் எழுதிக் காட்டுவேன். தப்பாக எழுதினால் அவள் உள்ளங்கையால் துடைத்துவிடுவாள். நான் பேனா பிடித்து எழுதி அவள் பார்த்ததே இல்லை.

பரீட்சை மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். கணவர் வண்டியில் கொண்டு வந்து விட்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போது நாத்தனார் வாசல்வரை வந்து மூச்சு விடாமல் சொன்னாள்: "ஹால் டிக்கெட் எடுத்தீங்களா, ஆதார் எடுத்தீங்களா, பேனா ரெண்டு, நீலம்தான், கேள்வி நம்பரை மறக்காம போடுங்க, தெரிஞ்சதை முதல்ல எழுதுங்க, யூனிட் எழுதுங்க, கிராமுன்னா கிராமுன்னு எழுதுங்க." அவளால் ஆனதை எல்லாம் சொன்னாள்.

கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏகப்பட்ட அறிவுரை. அதை யார் படிக்கிறார்கள்? புரட்டினேன். இரண்டாவது கேள்வியே மோல். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். இருபத்திரண்டு கிராம் கார்பன் டை ஆக்ஸைடில் எத்தனை மோல். அவசரத்தில் ஒரு ஆக்ஸிஜனை மட்டும் கூட்டி இருபத்தெட்டு என்று எழுதிவிட்டேன். உடனே புரிந்தது. அடித்துவிட்டு, பக்கத்தில் நாற்பத்து நாலு என்று எழுதினேன். விடை அரை மோல். கை தானாக ஓடியது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.ஹெச். கேட்டிருந்தார்கள், சமன்பாடு வந்தது, ஆனோடும் கேத்தோடும்கூட வந்தது. அதை வழக்கம்போல மாற்றி எழுதி, அடித்து, மறுபடி சரியாக எழுதினேன். இந்தத் தடவை பாஸ் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கும். ஹாலில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் என் பக்கத்தில் நின்றார். ஐம்பது வயதிருக்கும், கன்னடக்காரர். குனிந்து என் விடைத்தாளைப் பார்த்தார். மெதுவாக ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

"இல்லி யாரு சைன் மாடித்தாரே?" என்று கேட்டார். இங்கே கையெழுத்துப் போட்டது யார் என்கிறார்.

"நானே மேடம்."

"யாக்கே?"

ஏன் என்றால் என்ன சொல்வது? தப்பாக எழுதிவிட்டேன், அதனால் போட்டேன் என்றேன். எனக்கு அது அவ்வளவு சாதாரணம். எங்கள் கம்பெனியில் மாத்திரைக் கணக்கு எழுதும் பேட்ச் ஷீட்டில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால், அதன் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும். அடித்தது கீழே தெளிவாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட வேண்டும். ஒயிட்னர் கூடாது, மேலேயே எழுதக் கூடாது, கறுப்படிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பத்து வருடத்துக்கு மேல் தினமும் இப்படியே எழுதிய கை, பரீட்சை ஹாலில் மட்டும் வேறு கையாகிவிடுமா? அடித்த நாலு இடத்திலும் ஒற்றைக் கோடு, என் கையெழுத்து, அன்றைய தேதி. அழகாக, சின்னதாக, எங்கள் மேடம் பார்த்தால் மெச்சிக்கொள்ளும்படி போட்டிருந்தேன். போட்டது எனக்கே தெரியாது.

டீச்சர், நான் புரட்டித் தள்ளிய முதல் பக்கத்தை எடுத்து, பொடி எழுத்தில் ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். விடைத்தாளின் உள்ளே பெயரோ, கையெழுத்தோ, அடையாளம் தெரியும்படி வேறு எந்தக் குறியோ இருந்தால் பரீட்சை ரத்து. திருத்துகிறவருக்குச் சாடை காட்டியதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆண்டவரே, லேப் மேடம் சொன்ன ஜூன் கெடு! மறுபடி எழுதுவது என்றால் அக்டோபர் ஆகும். அதற்குள் அந்த ஸ்டூலில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அழுதுவிடுவேன் போலிருந்தது. "மேடம், கம்பெனி பழக்கம் மேடம், மருந்து கம்பெனி மேடம்" என்று கன்னடமும் தமிழுமாக உளறினேன்.

அவர் ஒரு தடவை வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பூர்த்தி அளிஸிபிடி. ஒந்து அக்‌ஷரானு காணபாரது." முழுக்க அழித்துவிடு, ஒரு எழுத்துகூடத் தெரியக் கூடாது என்று அர்த்தம். சொல்லிவிட்டு நேரே போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அழிக்க வேண்டியதுதானே? பேனாவை வைத்தேன், கை நகரவில்லை. எங்கள் லைனில் என் பக்கத்தில் நின்ற ஒருத்தி, ஒரே ஒரு எண்ணைக் கறுப்படித்தாள் என்று அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். கீழே என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் அது திருட்டுக்குச் சமம் என்று எங்களை எல்லாம் நிற்க வைத்துச் சொன்னார்கள். அந்த பயம் என் எலும்பில் ஊறிக் கிடக்கிறது. தப்பை நான் ஒரு நாளும் மறைத்ததில்லை. அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிற பெருமை. இப்போது தப்புகளை அப்படியே விட்டுவிட்டு, என் பெயரை மறைக்கச் சொல்கிறார்கள்.

"டைம் ஆகத்தே" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே.

அழித்தேன். முதல் கையெழுத்தை மேலும் கீழுமாக, குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்படித்தேன். முதல் எழுத்தின் வளைவு அப்போதும் தெரிந்தது, மறுபடி அடித்தேன். இரண்டாவது இடத்தில் தாள் மெலிந்து ஓட்டை விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்து எதுவும் தெரியவில்லை, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அடித்தேன். மாற்றி எழுதிய ஆனோடு பக்கத்திலும் அடித்தேன். நாலும் முடிந்தபோது கடைசி ஐந்து மார்க் கேள்வியில் பாதிதான் எழுதியிருந்தேன். மணி அடித்துவிட்டது. தாளை வாங்கிக்கொண்டபோது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை; அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்த லூசு அண்ணி பரிட்சைப் பேப்பர்ல சைன் போடும்?"

"இந்த லூசுதான்."

"இதை வேற சொல்லணும்னு எனக்கு எப்படித் தோணும்? பேனாவைச் சொன்னேன், யூனிட்டைச் சொன்னேன்..." என்று அவளே அழ ஆரம்பித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அந்த டீச்சர் ரிப்போர்ட் பண்ணியிருக்கணும் அண்ணி. பண்ணாம விட்டது வெளிய தெரிஞ்சா அவங்களுக்குத்தான் கஷ்டம்." அது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோசம். லேப் மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையால் 'என்ன ஆச்சு?' என்று கேட்பார். நானும் கையால் 'இன்னும் வரல' என்பேன். எதிரே இருக்கிற ஸ்டூலைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பி நின்று வேலை பார்த்தேன். ஒரு நாள் பஸ்ஸில் போன் அடித்தது, பார்த்தால் நாத்தனாரின் குரல் பதிவு. "அலுமினியத்தோட வேலன்சி என்ன?" அக்டோபருக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! "நிறுத்துடி. நான் ஃபெயில்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று அங்கேயே பதில் அனுப்பினேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது நாள் அவளே காபி போட்டுக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், நான் குடித்தேன், அவ்வளவுதான் சமாதானம்.

ஜூன் முடியப் போகிற சமயம் ரிசல்ட் வந்தது. நான் லைனில் இருந்தேன். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ பிரேக்கில் எடுத்துப் பார்த்தால் நாத்தனாரிடமிருந்து ஒன்பது குரல் பதிவுகள். முதலாவதைத் திறந்தேன். வார்த்தை எதுவும் இல்லை, ஒரே கூச்சல். இரண்டாவதில்தான், "பாஸ் அண்ணி! பாஸ்! பாஸ்!" லாக்கர் அறையிலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பின் சீட்டு அக்கா யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும், "அப்பாடா, இனிமே நிம்மதியாத் தூங்கலாம்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள்.

சர்டிஃபிகேட்டை லேப் மேடத்திடம் கொடுத்த அன்றைக்கு அவர் என்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளை கோட் கொடுத்தார், கொஞ்சம் பெரிது. ஒரு தாளை நீட்டி, "இன்னிக்கு ஜாயின் பண்ணினதுக்கு இங்க சைன் போடு" என்றார். அவர் காட்டிய கட்டம் சின்னதுதான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, என் பெயரை முதல் எழுத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

"இனிஷியல் போதும்மா" என்றார் மேடம்.

"இருக்கட்டும் மேடம். இடம் இருக்கே" என்று சொல்லிவிட்டு முழுப் பெயரையும் எழுதினேன்.